விதைநெற் குதிரும் புடைவரிப் பொறியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் மழையை நம்பியே விளைகிறது. புரட்டாதி மாதத்தை ஒட்டி விதைக்கப்படும் நெல், வடகீழ்ப் பருவமழையால் வளர்ந்து, தை, மாசி மாதங்களில் அறுவடையாகும். ஆறும் பெருங்குளப் பாய்ச்சலும் இல்லாத இந்நிலத்தில் இரண்டாம் போகம் அரிது. ஆகவே மாசியில் எடுத்துவைத்த விதைநெல் ஏழெட்டு மாதங்கள் வீட்டிற் கிடந்த பின்னரே வயலுக்குச் செல்லும். அந்த மாதங்களுள்ளேயே அந்துப்பூச்சியும் நெல் துளைக்கும் வண்டும் எலியும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மொட்டைக்கறுப்பன் போன்ற ஊர் நெல்லினத்தைப் பேணிவரும் கமக்காரர் ஒருவர் தம் விதையை இழப்பாராயின், புரட்டாதியில் அதற்கு ஈடான விதையைச் சந்தையிற் பெறுதல் எளிதன்று.

கொம்பறையும் சாக்கும் எலியைத் தடுக்கமாட்டா. பிளாத்திக்குப் பீப்பாவும் காற்றுப்புகாப் பையும் இக்காலத்திற் கிடைக்கின்றன. பூச்சியைத் தடுப்பதில் அவை குறைவுடையன அல்ல. எனினும் எலிப் பல்லுக்குப் பை ஒரு பொருட்டன்று. பீப்பாவும் பெரும்பாலும் வேறு பொருள் அடைத்து வந்ததாகவே கிடைக்கும். முன்பு அதனுள் இருந்தது யாதெனத் தெரியாதவிடத்து அதில் நெல் இடுதல் தவறு. தகட்டாற் செய்த குதிருக்கு இக்குறைகள் இல்லை. இந்தியாவில் ஹாப்பூரிலுள்ள தானியச் சேமிப்பு ஆய்வு நிறுவனத்தின் வழியாகவும், தானியம் காக்கும் இயக்கத்தின் வழியாகவும் தகரக் குதிர்கள் கிராமங்களுக்குப் பரவின. மத்திய அமெரிக்க நாடான ஒண்டுராசில் 1980களில் சுவிற்சலாந்தின் உதவியுடன் தொடங்கிய திட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. அங்கே குதிர்கள் ஆலையிற் செய்து விநியோகிக்கப்படவில்லை. கிராமத்துத் தகரவேலையாளரைப் பயிற்றி, நாகமுலாம் பூசிய மெல்லிய தகட்டால் அவர்களைக் கொண்டே குதிர்கள் செய்விக்கப்பட்டன. குடாநாட்டிற்குப் பொருந்துவதும் இவ்வழியே.

மெல்லிய தகடு ஏன் நெளிகின்றது?

ஊர்ப் பட்டறையிற் செய்த குதிர் சில ஆண்டுகளிற் பயனற்றுப் போவதைப் பலர் கண்டிருப்பர். தகடு துருப்பிடிப்பதற்கு முன்னரே குதிரின் வயிறு உட்குழிகின்றது. நெல்லுடன் அதனை இழுத்து நகர்த்தும்போது மூட்டு விரிகின்றது. விரிந்த மூட்டின் வழியே அந்துப்பூச்சி நுழைகின்றது. பெரும்பாலோர் தகடு மெல்லிது எனக் குறைகூறி, அடுத்த முறை தடித்த தகடு வாங்குவர். தகட்டின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மையே. ஆனால் விலையும் நிறையும் இருமடங்காகும். தடித்த தகட்டைக் கையால் மடித்து மூட்டுதலும் கடினம்.

வடலியில் நிற்கும் பனையோலையை நோக்குக. அத்துணை அகன்ற ஓலை காற்றில் விறைத்து நிற்பதற்கு அதன் தடிப்புக் காரணமன்று. அதன் மடிப்புகளே காரணம். அதே ஓலையைச் சார்வாகக் கிழித்து மடிப்பை நீக்கினால் விரலிற் சுற்றலாம். தகட்டிலும் அவ்வாறே. அரை மில்லிமீற்றர்த் தகட்டில், அதாவது 26ஆம் இலக்கத்தை ஒத்த தகட்டில், அரை அங்குல அகலமும் நான்கு மில்லிமீற்றர் ஆழமும் உள்ள புடைப்பு ஒன்றை நெடுகத் தள்ளிவிட்டால், அவ்விடத்தில் ஈரங்குல அகலமான தகட்டுப் பட்டியின் விறைப்புப் பல பத்து மடங்காக உயரும். புதிதாக ஒரு துண்டு உலோகமும் சேர்க்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எண்ணெய்ப் பீப்பாக்களின் வயிற்றைச் சுற்றி ஓடும் புடைப்புகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. இப்புடைப்பே இங்குப் புடைவரி எனப்படும். அதனை இடும் கருவி புடைவரிப் பொறி.

இப்பொறி புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்துத் தகரவேலையாளர் கையாற் சுழற்றும் உருளைப் பொறிகளைப் பயன்படுத்தினர். மேலும் கீழுமாக இரண்டு தண்டுகள், அவற்றின் முனையில் இரண்டு உருளைகள். ஓர் உருளையில் மேடு, மற்றதில் அதற்கேற்ற பள்ளம். இடையே தகட்டைச் செலுத்திக் கைபிடியைச் சுழற்றினால் தகட்டிற் புடைவரி விழும். மோட்டார் வாகனங்களின் உடற்றகடு திருத்துவோரும் இதனையே பயன்படுத்துகின்றனர். ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பல பத்தாண்டுகள் ஓடவைத்த யாழ்ப்பாணத்துப் பட்டறையாளருக்கு இதன் இயல்பை விளக்கவேண்டியதில்லை.

சிறு பட்டறைகளுக்கென மலிவாக விற்கப்படும் பொறிகளைப் பற்றி மட்டும் சில சொல்லவேண்டும். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே குறையையே கூறுவர்: வரி ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் விழுகின்றது; சிலவிடத்து ஒருபக்க விளிம்பு தகட்டை வெட்டிவிடுகின்றது. உருளை சரியில்லை எனக் கருதி வேறு உருளை செய்விப்போரும் உளர். அது வீண்செலவு. குறை உருளையில் இல்லை, சட்டகத்தில் உள்ளது.

சட்டகமும் அதன் தளர்ச்சியும்

பொறியின் சட்டகம், பக்கவாட்டிற் சாய்த்து வைத்த ‘ப’ என்னும் எழுத்தைப் போன்றது. மேற்கை ஒன்று, கீழ்க்கை ஒன்று. இரண்டையும் இணைக்கும் முதுகு ஒன்று. கைகளின் நுனியில் உருளைகள் உள்ளன. முதுகிலிருந்து உருளை வரையுள்ள தூரம் வாயின் ஆழம் எனப்படும். இது பல பொறிகளில் 18 அங்குலமாக உள்ளது. திருகாணியை இறுக்கியதும் உருளைகள் ஒன்றையொன்று தள்ள, வாய் திறக்க முயல்கின்றது. ஒரே தகட்டில் வெட்டப்பட்ட சட்டகம் மேல்கீழாக ஓரளவு தாங்கும், பக்கவாட்டில் தாங்காது. மேற்கை ஒருபுறம் முறுகுவதால் மேட்டுருளை பள்ளத்தின் நடுவை விட்டு ஒதுங்குகின்றது. வெட்டு விழுவது அதனாலேயே. பொறியின் முன்னே நின்று, தகட்டைக் கொடுத்துத் திருகாணியை இறுக்கும்போது மேற்கையின் நுனியைக் கண்ணால் நோக்கினால் இம்முறுக்கம் வெளிப்படையாகத் தெரியும். திருத்தவேலை தொடங்குமுன் இதனைப் பார்த்தல் நன்று.

திருத்தம் எளியது. மேற்கையின் மேல்விளிம்பிலும் முதுகின் பின்விளிம்பிலும் ஈரங்குலக் கோண இரும்பை நெடுக வைத்து மின்னொட்டு இடவேண்டும். சட்டகத் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் இவ்விரும்பே பக்க முறுக்கத்தைத் தடுக்கும். தகட்டுக்குப் புடைவரி எதுவோ சட்டகத்துக்குக் கோண இரும்பு அதுவே. தண்டுகளை அவற்றின் இடத்தில் வைத்து, எளிதிற் சுழல்கின்றனவா எனப் பார்த்து, ஆங்காங்கே புள்ளியாக ஒட்டிய பின்னர் தண்டுகளையும் போதிகைகளையும் கழற்றிவிட வேண்டும். பின்னர் ஓரங்குல நீள ஒட்டுகளை ஒருமுறை ஒருபுறமும் மறுமுறை மறுபுறமும் மாறி மாறி இட்டு, இடையே ஆறவிடுதல் வேண்டும். ஒரே மூச்சில் நெடுக ஒட்டினால் சட்டகம் வெப்பத்தால் வளையும். அவ்வாறு வளைந்த சட்டகம் திருத்துமுன் இருந்ததினும் தீது.

கீழ்க்கையில் அவ்வாறு செய்தல் கூடாது. குதிரின் உருளையுடல் கீழ்க்கையைச் சூழ்ந்து தொங்கியபடியே சுழலும். கீழ்க்கையின் அடியில் ஆழமான இரும்பு ஒட்டப்பட்டால் குதிர் நுழையலாம், வாளி நுழையாது. நாற்றுமேடைக்கு நீர் தெளிக்கும் பூவாளியும் நுழையாது. வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு இப்பொறியால் வரும் பயன் வாளியிலும் பூவாளியிலுமே ஆதலால், அவ்வழியை அடைத்தலாகாது. கீழ்க்கையின் இருபக்கத்திலும் கால் அங்குலத் தடிப்பான பட்டை இரும்பை ஒட்டினால் போதும். விறைப்புச் சற்றுக் குறையும். ஆயினும் பொறியின் பயன் குறையாது.

பீடத்திலும் இதே கவனம் வேண்டும். மேசையின் நடுவிற் பூட்டிய பொறியில் குதிரைக் கொளுவ முடியாது. முதுகுப்புறம் மட்டும் பீடத்தில் நிற்க, கைகள் இரண்டும் வெளியே நீண்டிருத்தல் வேண்டும். முப்பது அங்குல விட்டமுள்ள குதிர் தொங்குமாயின், கீழ்க்கைக்கும் நிலத்துக்கும் இடையே மூன்றடியாவது இருத்தல் நன்று. முன்பாரம் மிகுதியாதலின் பீடத்தின் கால்களை நிலத்துச் சீமெந்திற் புதைத்த ஆணிகளிற் பூட்டுக.

வாயின் ஆழத்தை 18 அங்குலத்திலிருந்து 24 அங்குலமாக நீட்டிவிட்டால் நாலடிக் குதிரின் நடுவயிற்றிலும் வரி இடலாமே எனச் சிலர் கேட்பர். கை நீளநீள அதன் வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். நீளம் மூன்றில் ஒரு பங்கு கூட, வளைவு ஏறக்குறைய 2.4 மடங்காகும். ஒட்டிய கோண இரும்பின் பயனெல்லாம் அந்த ஆறு அங்குலத்திற் கரைந்துவிடும். நாலடிக் குதிராயின் இரு முனைகளிலிருந்தும் 6, 12, 18 அங்குலத்தில் வரியிட்டு, நடுவில் ஓரடியை வெறுமையாக விட்டுவிடுதலே தக்கது.

கைபிடி, திருகாணி, தடுப்பு

தண்டின் முனையில் நேரே பூட்டிய குறுங்கைபிடியால் பொறியைச் சுழற்றுதல் வன்மையான வேலை. சுழற்றுபவர் திணறும்போது பொறி அதிர, வரி கோணும். பழைய துவிச்சக்கரவண்டி ஒன்றின் பற்சில்லுகள் இக்குறையைத் தீர்க்கும். மிதிகட்டைப் பக்கத்துப் பெரிய பற்சில்லைக் கீழ்த்தண்டிலும், பின்சில்லின் சிறிய பற்சில்லைக் கைபிடி பூட்டிய தனித்தண்டிலும் அமைத்துச் சங்கிலியால் இணைக்க வேண்டும். 44 பல்லும் 18 பல்லுமாயின் கைக்கு வேண்டிய விசை ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். சுழற்சியும் அதற்கேற்ப மெதுவாகும். மெதுவாதல் இங்கு நன்மையே. பிறீவீல் எனப்படும் ஒருபக்கம் மட்டும் பற்றும் பற்சில்லை அப்படியே வைத்தல் ஆகாது. வரியைப் பின்னோக்கி ஓட்டவேண்டிய வேளைகள் உண்டு. பற்றுப் பற்சில்லு கிடையாதாயின், பிறீவீலின் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் ஒட்டி இறுக்கிவிடலாம். சங்கிலியின் நீளத்துக்கேற்பக் கைபிடியைப் பக்கத்தில் இரண்டு மூன்று அடி தள்ளி வைக்க முடிவதால், சுழற்றுபவர் தகட்டைப் பிடிப்பவருக்கு இடையூறாக நில்லார்.

சிறிய மின்மோட்டர் பூட்டுவோரும் உளர். அவ்வாறு செய்யின் மிதித்தால் ஓடி, காலை எடுத்தவுடன் நிற்கும் மிதியாளி கட்டாயம் வேண்டும். உருளைகளுக்குள் விரல் அகப்பட்டால் கைப்பொறி நின்றுவிடும், மோட்டர் நில்லாது. 1990இன் பின் நீண்டகாலம் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டில் கையாற் சுழலும் பொறியின் அருமையை மூத்தோர் அறிவர். வாரத்திற்கு ஒரு குதிர் செய்பவருக்கு மோட்டர் தேவையில்லை.

மேற்றண்டை அழுத்தும் திருகாணியில் ஓர் அடையாளம் இடுக. அதனைத் தாங்கும் சட்டகத்திலும் நான்கு கோடுகள் வெட்டினால், ஒவ்வொரு முறையும் எத்தனை கால்வட்டம் இறுக்கப்பட்டது என்பது தெரியும். இது அற்பமாகத் தோன்றும். ஆயினும் ஆறு வரிகளும் ஒரே ஆழத்தில் விழுவது இதனாலேயாம்.

தடுப்பு என்பது தகட்டின் விளிம்பு உரசிச் செல்வதற்கான ஒரு துண்டு. நீள்துளை இட்ட பட்டை இரும்பைக் கீழ்க்கையில் இரண்டு ஆணிகளாற் பூட்டினால் வேண்டிய தூரத்துக்கு நகர்த்தி இறுக்கலாம். தகட்டு விளிம்பு படும் இடத்திற் சிறு குண்டுப் போதிகை ஒன்றை வைத்தால் விளிம்பு சிக்காது. தடுப்பில்லாத பொறியிற் சுற்றிவந்த வரி தன் தொடக்கத்தைச் சந்திப்பது தற்செயலே.

உருளைகளின் தோள் கூர்மையாயிருப்பின் நாகமுலாம் உரிந்து அவ்விடத்தில் துரு தொடங்கும். அரத்தாலும் பின்னர் மணற்கடதாசியாலும் தோளை உருட்டிவிடுக. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே இருபுறமும் தகட்டின் தடிப்பளவு இடைவெளி வேண்டும். போதிகைகளில் தண்டு முன்பின்னாக நகருமாயின், வளையம் இட்டு அந்நகர்வை நீக்குக. இல்லையேல் சட்டகத்திற் செய்த திருத்தம் அரைகுறையாகும்.

குதிருக்கு வரி இடுதல்

எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு தகட்டை நெடுக இரண்டாக வெட்டினால் இரண்டு குதிர்களுக்கு உடல் கிடைக்கும். ஒவ்வொன்றும் இரண்டடி உயரமும் ஏறக்குறைய முப்பது அங்குல விட்டமும் உடையதாய், 160 கிலோகிராம் அளவான, அதாவது ஏழு புசலுக்குச் சற்று மேற்பட்ட நெல்லைக் கொள்ளும். ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் விதைப்பவருக்கு மூன்று ஏக்கருக்கு மேற்பட்ட விதை அதில் அடங்கும்.

தகட்டைச் சுருட்டிப் பக்கமூட்டைக் கொளுவித் தட்டிய பின்னரே வரியிடல் வேண்டும். தட்டைத் தகட்டில் முதலில் வரியிட்டால் தகடு நெளிந்து போவதோடு, சுருட்டும்போது வரியும் நசியும். கொளுவிய மூட்டில் நான்கு மடிப்புத் தகடு உள்ளது. அரை மில்லிமீற்றர்த் தகடு அங்கே இரண்டு மில்லிமீற்றர் ஆகின்றது. உருளை அதன்மேல் ஏறும்போது பொறி துள்ளும். மூட்டுக்கு ஓரங்குலம் முன்பாகத் திருகாணியை அரைவட்டம் தளர்த்தி, கடந்ததும் மீள இறுக்கி, விடுபட்ட அச்சிறு இடத்தை மரச்சுத்தியலால் தட்டி நிரப்புதலே பட்டறை வழக்கம்.

ஆழத்தை ஒரே சுற்றில் எடுக்க முயலற்க. முதற் சுற்றில் அடையாளம் மட்டும் விழட்டும். பின்னர் சுற்றுக்குக் கால்வட்டம் இறுக்கி, மூன்று நான்கு சுற்றுகளில் முழு ஆழத்துக்கு வருக. மேல்விளிம்புக்கு ஓரங்குலம் கீழே ஒன்று, நடுவில் இரண்டு, அடிக்கு இரண்டங்குலம் மேலே ஒன்று என நான்கு வரிகள் இரண்டடிக் குதிருக்குப் போதும். மேல் வரி மூடியின் விளிம்பு வந்து அமரும் படியாகவும் பயன்படும். அடித்தகட்டின் மூட்டையும் பக்கமூட்டையும் வெளிப்புறமாகப் பற்றாசு வைத்து அடைக்க வேண்டும். ஈயம் கலந்த பற்றாசு குதிரின் உட்புறத்துக்கு வரலாகாது. நாகமுலாம் பூசிய தகட்டில் மின்னொட்டு இட்டால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். ஆதலால் குதிரில் மின்னொட்டுத் தவிர்க்கப்பட வேண்டும்.

வேலை முடிந்ததும் குதிரை இருட்டறையில் வைத்து உள்ளே விளக்கொன்றை ஏற்றிப் பார்க்கலாம். ஒளி கசியும் இடமெல்லாம் அந்துப்பூச்சிக்கு வாயில்.

நெல் இடும்போது

காற்றுப்புகாத குதிரில் ஈரநெல்லை இடுவது, திறந்த சாக்கில் இடுவதிலும் கேடானது. சாக்கின் ஈரம் வெளியேறும். குதிரின் ஈரம் உள்ளேயே நின்று, இரவுக் குளிரில் மூடியின் அடியில் நீராகப் படிந்து மேல்நெல்லைப் பூஞ்சணமாக்கும். விதைநெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாது. ஈரமானி கமநல சேவை நிலையத்திற் கிடைக்காதாயின், பல்லிடைக் கடிக்கும்போது நசியாது ஒலியுடன் முறிகின்றதா எனப் பார்க்கும் பழைய வழக்கம் ஓரளவு உதவும். வெயிலிற் காய்ந்த நெல்லைச் சூட்டோடு இடாது, நிழலில் ஆறவிட்டு, விளிம்புவரை நிரப்புக. குதிருள் வெற்றிடம் குறையக் குறையப் பூச்சிக்குக் கிடைக்கும் காற்றும் குறையும்.

குதிரை வெறுநிலத்தில் வையாது பலகைமேல், கூரையின் கீழ், வெயில் படாத பக்கத்தில் வைக்க வேண்டும். கடற்காற்று வீசும் இக்குடாநாட்டில் தகட்டின் வெட்டுவிளிம்பே முதலில் துருவேறும். அங்கே நாகமுலாம் இல்லை. வெட்டுவிளிம்புகளிலும், வரி திரும்பும் இடத்தில் முலாம் வெடித்துள்ளதாகத் தோன்றும் பகுதிகளிலும் வெளிப்புறமாகத் துருத்தடுப்பு வர்ணம் இருமுறை பூசுக. ஆவணியில் விதை எடுத்துக் குதிர் வெறுமையானதும் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மூடியைத் திறந்தபடி விட்டு, வர்ணம் உரிந்த இடங்களை மாரி தொடங்குமுன் மீளப் பூசிக்கொள்ளலாம்.